காணாமற்போன பத்து நாட்கள்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

உங்களுக்கு ஒரு கேள்வி. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் ஸ்பெயின் நாட்டில் ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரிலுள்ள தம் மடத்தில் 1582 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் தேதி இரவு உயிர் நீத்தார். அந்த இரவு விடிந்தபோது தேதி என்ன? 5 என்று சொல்வீர்கள். அன்று தேதி 15!

நூலகத்தில் புனிதர் வரலாறு ஒன்றில் இதை வாசித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். இன்னொரு புத்தகத்திலும் அப்படியே இருந்தது. சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ பிறந்த தேதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, தேடிப் பார்" என்று மட்டும் சொன்னார். அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பிறந்த தேதி பிப்ரவரி 29. பதினைந்து வயதுக்குள் மூன்று பிறந்த நாட்கள்தாம் எனக்கு வாய்த்தன. மற்ற ஆண்டுகளில் அம்மா பிப்ரவரி 28 என்பார். அப்பா மார்ச் 1 என்பார். இதனால் வீட்டில் பாயசம் இரண்டு நாளும் கிடைப்பதுண்டு. ஆனால் இவ்வாண்டு பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது அது விளையாட்டாகத் தோன்றவில்லை. பட்டியலைச் சரிபார்த்த ஒருவர், "இந்தத் தேதி எல்லா வருஷமும் வராதே, 28 என்றே போட்டுவிடலாமா?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் பிறந்த நாள் எதுவென்று யார் தீர்மானிப்பது? சூரியனா, சட்டமா, பட்டியல் எழுதுகிறவரா? இந்தக் கேள்வியை ரோமாபுரியில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பழைய ரோமரின் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. அப்போது பத்தே மாதங்கள். குளிர்காலத்து நாட்கள் எந்த மாதத்திலும் சேராமல் கிடந்தன என்று அவர்களுடைய பழங்கதை கூறும். இதை இன்றும் நம் நாட்காட்டியில் காணலாம். லத்தீன் மொழியில் செப்டெம் என்றால் ஏழு, ஒக்டோ எட்டு, நோவெம் ஒன்பது, தெசெம் பத்து. வடமொழியின் சப்த, அஷ்ட, நவ, தச என்பவற்றை அருகில் வைத்துப் பாருங்கள், அக்காளும் தங்கையும் போல் இருக்கும். ஆகச் செப்டம்பர் என்றால் ஏழாம் மாதம். ஆனால் நமக்கு அது ஒன்பதாவது. டிசம்பர் என்றால் பத்தாம் மாதம், நமக்கோ பன்னிரண்டாவது. பின்னாளில் ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்து, ஜனவரி முதல் மாதமான பின்னும் பழைய பெயர்களை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை போலும்.

பன்னிரண்டு மாதங்கள் வந்த பிறகும் ரோமரின் ஆண்டுக்கு 355 நாட்களே இருந்தன. அது சந்திரனை ஒட்டிய கணக்கு. சூரியனோடு சேர வேண்டுமானால் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தை இடையில் செருக வேண்டும். அதை எப்போது செருகுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொன்டிஃபெக்ஸ் எனப்பட்ட குருக்களிடம் இருந்தது. இங்கேதான் கோளாறு. அந்தக் குருக்கள் அரசியல்வாதிகளாகவும் இருந்தார்கள். தமக்கு வேண்டியவர் பதவியில் இருந்தால் ஒரு மாதத்தைச் சேர்த்து ஆண்டை நீட்டினார்கள். வேண்டாதவர் இருந்தால் சேர்க்காமல் விட்டார்கள். வரியும் வட்டியும் கட்டுகிற ஏழை, ஆண்டு எப்போது முடியும் என்று தெரியாமல் விழித்தான். போர்க்காலங்களில் மாதம் செருகவே மறந்துபோனார்கள். ஜூலியஸ் சீசர் காலத்தில் நாட்காட்டி சூரியனைவிட ஏறக்குறைய மூன்று மாதம் விலகி நின்றது. அறுவடைத் திருவிழா வரும்போது வயலில் அறுக்கக் கதிர் இல்லை.

சீசர் கி.மு. 48 இல் எகிப்துக்குச் சென்றார். கிளியோபாட்ரா கதையை எல்லோரும் சொல்வார்கள். அங்கிருந்து அவர் கொண்டுவந்த கணக்கைச் சொல்பவர் குறைவு. எகிப்தியர் 30 நாட்கள் கொண்ட பன்னிரண்டு மாதங்களும், கடைசியில் ஐந்து நாட்களும் என்று 365 நாட்கள் வைத்திருந்தனர். அதிலும் கால் நாள் குறைகிறது என்பதைக் கண்டு, கி.மு. 238 இல் மூன்றாம் தாலமி மன்னர் காலத்திலேயே நான்கு ஆண்டுக்கொருமுறை ஒரு நாள் கூட்டவேண்டும் என்று கனோபஸ் என்னும் ஊரில் ஆணை பிறப்பித்துக் கல்லில் பொறித்தார்கள். மக்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. ஆணை கல்லோடு நின்றுவிட்டது. அலெக்சாந்திரியா நகரத்து வானநூல் அறிஞர் சோசிஜெனிஸ் என்பவர் சீசருக்கு ஆலோசனை கூறினார். எகிப்தியரும் கிரேக்கரும் அறிந்திருந்ததை ரோமாபுரியின் அதிகாரம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது என்று சொல்லலாம்.

முதலில் பழைய கடனைத் தீர்க்க வேண்டும். அதற்காகக் கி.மு. 46 ஆம் ஆண்டை 445 நாட்களாக நீட்டினார்கள். பிப்ரவரியில் 23 நாட்கள், நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே 67 நாட்கள் செருகப்பட்டன. அதைக் குழப்பத்தின் கடைசி ஆண்டு என்று பின்வந்த எழுத்தாளர் ஒருவர் அழைத்தார். அவ்வாண்டு பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது! கி.மு. 45 ஜனவரி 1 முதல் 365 நாட்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல். அடுத்த ஆண்டு மார்ச் 15 இல் சீசர் கொலையுண்டார். குயின்டிலிஸ் என்ற ஐந்தாம் மாதம் அவர் பெயரால் ஜூலை ஆயிற்று.

அவர் போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 'நான்காம் ஆண்டுக்கொருமுறை' என்பதைக் குருக்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ரோமர் எண்ணும்போது தொடங்கும் ஆண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள். அதனால் மூன்று ஆண்டுக்கொருமுறை நாளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அகுஸ்துஸ் சீசர் இதைக் கண்டுபிடித்து, சில லீப் ஆண்டுகளை நிறுத்தி வைத்துச் சரிசெய்தார். செக்ஸ்டிலிஸ் மாதம் கி.மு. 8 இல் அவர் பெயரால் ஆகஸ்டு ஆயிற்று. ஜூலைக்கு 31 நாள் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அவர் பிப்ரவரியிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்று நான் சின்ன வகுப்பில் படித்த கதைப் புத்தகத்தில் இருந்தது. அது உண்மை அன்று. சீசரின் திட்டத்திலேயே அந்த மாதத்துக்கு 31 நாட்கள் இருந்தன. பிப்ரவரி பாவம், ஆதியிலிருந்தே அதற்கு 28 நாட்கள்தாம்.

இனி அந்தக் கூடுதல் நாள். அது பிப்ரவரி 29 என்றுதானே நினைக்கிறோம்? ரோமருக்கு 29 என்ற தேதியே கிடையாது. அவர்கள் வரப்போகும் மாதத்தின் முதல் நாளை நோக்கிப் பின்னோக்கி எண்ணுவார்கள். மார்ச் 1 ஐயும் சேர்த்து எண்ணினால், நம்முடைய பிப்ரவரி 24 அவர்களுக்கு 'மார்ச் முதல் நாளுக்கு ஆறாம் நாள்'. லீப் ஆண்டில் இந்த ஆறாம் நாளை இரண்டு முறை எண்ணினார்கள். திருச்சபையும் நெடுங்காலம் இதையே பின்பற்றியது. பிப்ரவரி 24 இல் வந்த புனித மத்தியாஸ் திருநாள் லீப் ஆண்டில் மட்டும் 25 ஆம் தேதிக்கு நகரும். 1969 இல் திருச்சபையின் நாட்காட்டி திருத்தப்பட்டபோது அத்திருநாள் மே 14 க்கு மாற்றப்பட்டது.

சீசரின் கணக்கு மிக நல்ல கணக்கு. ஆனால் முழுச் சரி அன்று. அவர் ஆண்டுக்கு 365 நாளும் 6 மணியும் என்று வைத்தார். பருவங்கள் திரும்பிவர ஆவதோ 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 வினாடி. வித்தியாசம் சுமார் பதினொன்றே கால் நிமிடம். ஒரு பாட வேளையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு நாளுக்கு 1440 நிமிடங்கள்; அதைப் பதினொன்றே காலால் வகுத்துப் பாருங்கள், 128 வரும். அதாவது 128 ஆண்டுகளில் நாட்காட்டி ஒரு நாள் பிந்திவிடும். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் இதை உணர மாட்டான். ஆனால் திருச்சபையின் வயது நூற்றாண்டுக் கணக்கில் அல்லவா?

உயிர்த்த ஞாயிறு ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தேதியில் வருகிறது என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். கி.பி. 325 இல் நைசேயா நகரில் கூடிய பொதுச் சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறன்று பாஸ்காவைக் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. பின்னர் நிலைபெற்ற விதி இது: இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் நாளை மார்ச் 21 என்று கொள்ள வேண்டும், அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே பாஸ்கா. சாம்பற்புதன், குருத்து ஞாயிறு, தூய ஆவி திருநாள் எல்லாம் இதைப் பின்தொடர்ந்து வருபவை. சூரியன், சந்திரன், ஏழு நாள் வாரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். யூதருடைய பாஸ்கா, ரோமருடைய மாதம், கிரேக்கருடைய வானநூல் மூன்றும் ஒரே விதியில் சந்திப்பதை இங்கே காணலாம். முழுநிலவு நாளைக் கணிக்க உதவியது, 19 சூரிய ஆண்டுகளில் 235 நிலவு மாதங்கள் அடங்கும் என்று கி.மு. 432 இல் ஆதென்ஸ் நகரத்து மேத்தோன் அறிவித்த சுற்று.

ஆனால் நாட்காட்டி பிந்தப் பிந்த, வானத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 21 ஐ விட்டு 20, 19, 18 என்று நழுவிக்கொண்டிருந்தது. 1267 இல் பிரான்சிஸ்கு சபைத் துறவி ரோஜர் பேக்கன், பாப்பரசர் நான்காம் கிளமெந்துக்கு அனுப்பிய நூலில் இந்தப் பிழையைக் கடுமையாக எடுத்துக்காட்டினார். தவக்காலத்தில் இறைச்சி தவிர்க்க வேண்டிய நாள் எது என்பதே பிழையாகிவிட்டது என்று அவர் வருந்தினார். ஒன்றும் நடக்கவில்லை. 1514 இல் போலந்து நாட்டு கோப்பர்நிக்கசிடம் யோசனை கேட்டார்கள். ஆண்டின் நீளமும் மாதத்தின் நீளமும் இன்னும் துல்லியமாக அளக்கப்படவில்லை, முதலில் அதைச் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. அன்று முதல் அவ்வாராய்ச்சியில் மேலும் கருத்தூன்றியதாக, 1543 இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலின் முன்னுரையில் பாப்பரசர் மூன்றாம் பவுலுக்கு எழுதியிருக்கிறார். அதே நூலைத் திருத்தும் வரை வாசிக்கலாகாது என்று 1616 இல் ரோமையில் தடை விதித்தார்கள். இதை எழுதலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "உண்மைதானே, எழுது" என்றார்.

1572 இல் பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசரானார். அவருக்கு முடிவான திட்டத்தைக் கொடுத்தவர் தென் இத்தாலியில் கலாபிரியாவைச் சேர்ந்த அலோய்சியுஸ் லிலியுஸ் என்னும் மருத்துவர். பெரிய பதவியில் இருந்தவர் அல்லர். தம் திட்டம் நிறைவேறுவதைக் காணாமலே 1576 இல் இறந்துபோனார். கையெழுத்துப் படியை ரோமைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர் சகோதரர் அந்தோனியோ. அதை ஆராய அமைந்த குழுவில், ரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சேசு சபைக் குரு கிறிஸ்தோபர் கிளாவியுஸ், தோமினிக்கு சபைத் துறவி இஞ்ஞாசியோ தாந்தி, அந்தியோக்கியாவிலிருந்து வந்த முதுபெரும் தந்தை ஒருவர் எனப் பலரும் இருந்தனர். தாந்தி வத்திக்கானில் காற்றுக் கோபுரம் எனப்படும் இடத்தில், சுவரில் ஒரு துளை வழியே வரும் சூரிய ஒளி தரையில் கீறிய கோட்டின்மேல் விழுமாறு அமைத்தார். சூரியன் நாட்காட்டிக்குப் பத்து நாள் முன்னே போய்விட்டது என்பதை எவரும் கண்ணால் காணலாம். கணக்குத் தெரியாதவருக்கும் புரியும் சாட்சி!

1582 பிப்ரவரி 24 இல் பாப்பரசர் ஆணை பிறப்பித்தார். அக்டோபர் 4 வியாழக்கிழமை. அதற்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. கிழமை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தேதிகள்தாம் போயின, ஒருவர் ஆயுளிலும் ஒரு நாளும் குறையவில்லை. முக்கியத் திருநாட்கள் குறைவான காலம் என்பதால் அக்டோபரைத் தேர்ந்தார்கள். ஏன் பத்து நாள்? சீசர் காலம் முதல் கணக்கிட்டால் இன்னும் கூடுதலாக வருமே என்று எனக்கு ஐயம் தோன்றியது. அவர்கள் திரும்ப விரும்பியது சீசரின் காலத்துக்கு அன்று, நைசேயாவின் காலத்துக்கு. 1582 இல் 325 ஐக் கழித்தால் 1257. அதை 128 ஆல் வகுத்தால் ஏறக்குறையப் பத்து. தெரேசம்மாள் இறந்தது சரியாக அந்த இரவில். அதனால்தான் நம் சிற்றாலயத்தில் அவர் திருநாளை அக்டோபர் 15 இல் கொண்டாடுகிறோம்.

பத்து நாளைக் கழித்தால் மட்டும் போதாது. பிழை மீண்டும் வராதிருக்க விதி வேண்டும். நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில், 400 ஆல் மீதியின்றி வகுபடுவன மட்டுமே லீப் ஆண்டுகள். ஆகவே 1600 லீப், 1700, 1800, 1900 அல்ல, 2000 லீப். 400 ஆண்டுகளில் 100 க்குப் பதில் 97 லீப் நாட்கள். ஒரு நாள் பிழை சேர மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஓய்வு நேரத்தில் நான் ஒரு கணக்குப் போட்டேன். 400 ஆண்டுகளுக்கு மொத்தம் 146097 நாட்கள். அது ஏழால் மீதியின்றி வகுபடுகிறது! ஆகவே 400 ஆண்டுக்கொருமுறை தேதியும் கிழமையும் அப்படியே திரும்பி வரும். 1582 அக்டோபர் 15 வெள்ளி; 1982 அக்டோபர் 15 உம் வெள்ளிதான்.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை அன்றே ஏற்றன. பிரான்சு அவ்வாண்டு டிசம்பரில் ஏற்றது. புரட்டஸ்தாந்து நாடுகள் மறுத்தன. அவர்களை நாம் எளிதாகக் கேலி செய்துவிடலாம். ஆனால் அவர்கள் நிலையில் நின்று பார்த்தால், பாப்பரசர் அனுப்பியது என்பதாலேயே ஐயம் வந்திருக்கும். ஒருவரோடு சண்டை இருக்கும்போது அவர் சொல்லும் சரியான விடைகூடக் கசக்கத்தானே செய்யும்? ரீகா நகரில் இதன்பொருட்டுக் கலகமே மூண்டது. ஜெர்மனியில் அடுத்தடுத்த ஊர்களில் பத்து நாள் வித்தியாசம். காலையில் புறப்பட்டு மாலையில் அடுத்த ஊர் சேர்ந்தவன் பத்து நாளைத் தாண்டிவிட்டிருப்பான். புரட்டஸ்தாந்தரான கெப்ளர், கணக்கு சரியானது, ஏற்க வேண்டும் என்று தம் மக்களிடம் வாதாடினார். 1700 இல்தான் அவர்கள் இறங்கி வந்தார்கள்.

இங்கிலாந்து 1752 வரை பொறுத்தது. அதற்குள் வித்தியாசம் 11 நாளாகிவிட்டது. செஸ்டர்ஃபீல்டு பிரபு பாராளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டப்படி, செப்டம்பர் 2 க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதுவரை அங்கே சட்டப்படி ஆண்டு தொடங்கியது கபிரியேல் தூதர் மரியன்னைக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளாகிய மார்ச் 25 இல். அதுவும் ஜனவரி 1 ஆயிற்று. "எங்கள் 11 நாட்களைத் திருப்பிக் கொடு" என்று மக்கள் தெருவில் கலகம் செய்ததாகப் பல புத்தகங்களில் காணலாம். அதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஹோகார்த் என்னும் ஓவியர் வரைந்த தேர்தல் படம் ஒன்றில் அவ்வாசகம் எழுதிய பலகை கிடக்கும். கதை அதிலிருந்து வளர்ந்ததாம். நியூட்டன் பிறந்தது 1642 கிறிஸ்துமஸ் அன்றா, 1643 ஜனவரி 4 ஆ என்று வினாடி வினாவில் யாரேனும் சண்டையிட்டால், இரண்டும் சரி என்று நீங்கள் சொல்லலாம். ரஷ்யா 1918 இல் மாறியது. அதனால்தான் 1917 அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழா நவம்பரில் வந்தது.

சுவீடன் செய்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம் என்று 1700 இல் லீப் நாளை விட்டார்கள். அப்புறம் போர் வந்து திட்டத்தை மறந்தார்கள். யாரோடும் ஒத்துப்போகாத தனி நாட்காட்டியாகிவிட்டது. பழையதற்கே திரும்ப, 1712 இல் பிப்ரவரிக்கு இரண்டு நாள் கூட்டினார்கள். ஆகவே அந்நாட்டில் 1712 பிப்ரவரி 30 என்று ஒரு நாள் உண்மையாகவே இருந்தது. அன்று பிறந்த குழந்தையின் பாட்டை எண்ணிப் பார்த்து நான் என் குறையை மறந்தேன்.

சரி, என் வழக்கு? ஜஸ்டினியன் பேரரசர் 533 இல் வெளியிட்ட ரோமச் சட்டத் திரட்டில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சட்டங்களுக்கு வேராக நிற்கும் அந்தப் பெரிய நூலில், செல்சுஸ் என்னும் சட்ட அறிஞரின் தீர்ப்பு இருக்கிறது. இரட்டை நாளில் முதல் நாளில் பிறந்தாலும் இரண்டாம் நாளில் பிறந்தாலும் வேறுபாடில்லை; அந்த இரண்டும் சட்டத்தின் கண்ணில் ஒரே நாள். இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி மன்னர் 1256 இல் பிறப்பித்த ஆணையும், லீப் நாளையும் அதற்கு முந்திய நாளையும் ஒரே நாளாகக் கொள்ளச் சொல்கிறது. ஆக 28 என்ற அம்மா பக்கம்தான் தீர்ப்பு. அப்பா மேல்முறையீடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பெயர்ப் பட்டியலில் மட்டும் 29 என்றே எழுதச் சொன்னேன். வகுப்பாசிரியை பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். 2100 ஆம் ஆண்டில் லீப் நாள் கிடையாது; லிலியுஸ் மருத்துவர் அன்றே அதை நீக்கிவிட்டார். 2096 க்குப் பிறகு என் அடுத்த பிறந்த நாள் 2104 இல். அப்போது எனக்கு வயது 96. எட்டு ஆண்டுகள் பாயசத்துக்குக் காத்திருக்க வேண்டும்.